கேம் மியூசிக் சோறு போடுமா?

வாசகர் கேள்வி பதில்

போன இதழில் அமெரிக்க இசையமைப்பாளர் மைக்கல் ஜியாக்கினோவைப் பற்றிச் சின்னதாக ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். வீடியோ கேமில் தொடங்கி, தொலைக்காட்சிக்குப் போய், அங்கிருந்து சினிமாவுக்கு வந்து ஒஸ்கார் வாங்கிய ஆள் என்று நாலு வரி, அவ்வளவுதான். வழக்கமாக இந்தப் பகுதிக்கு "எந்தக் கீபோர்ட் வாங்கலாம்", "மகளுக்குப் பாட்டா வயலினா" என்ற மாதிரிக் கேள்விகள்தான் வரும். இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் அந்த நாலு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. ஆகவே இந்த இதழ் முழுக்க அதற்கே. கீபோர்ட்காரர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கிறான். பொறியியல் பீடம் கிடைக்கும் என்று ரியூஷன் சேர்மார் எல்லாம் சொல்கிறார்கள். இவனோ இரவு இரண்டு மணி வரைக்கும் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கேமுக்கு மியூசிக் போடுகிறேன் என்கிறான். நீங்கள் எழுதியதை வெட்டி மேசையில் வேறு ஒட்டி வைத்திருக்கிறான். இதில் உண்மையிலேயே வருமானம் இருக்கிறதா, இல்லை நான் கண்டிக்க வேண்டுமா?
(ஒரு அம்மா, வெள்ளவத்தை)

அம்மா, அந்த நாலு வரியில் நான் எழுதாமல் விட்டதுதான் நிறைய. அதைச் சொன்னால் உங்களுக்குக் கொஞ்சம் நிம்மதி வரும், அவனுக்கும் கொஞ்சம் நிதானம் வரும்.

ஜியாக்கினோ 1967இல் நியூ ஜேர்சியில் பிறந்தவர். நியூயோர்க்கில் அவர் முதலில் படித்தது சினிமாத் தயாரிப்பு, இசையை ஜூலியார்ட் இசைப் பள்ளியில் வகுப்பில் சேர்ந்து படித்தார். படித்து முடித்ததும் நேரே இசையமைக்கப் போய்விடவில்லை. பெரிய பட நிறுவனங்களின் விளம்பரப் பிரிவில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். பிறகு கேம் தயாரிக்கும் பக்கம் மாறினார், அதுவும் இசையமைப்பாளராக இல்லை, தயாரிப்பாளராக. அவர் போட்ட கணக்கு என்னவென்றால், நான்தான் தயாரிப்பாளர் என்றால் இசைக்கு யாரை எடுப்பது என்று தீர்மானிப்பதும் நான்தானே, அப்படியென்றால் என்னையே எடுத்துக்கொள்கிறேன் என்பது. (இந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கே ஒரு விருது கொடுக்கலாம்.) 1997இல் ஜுராசிக் பார்க் இரண்டாம் படத்தை ஒட்டி வந்த கேமுக்கு அவர் இசையமைத்தார். கேம் இசை என்றாலே கணினி எழுப்பும் ஒலிதான் என்றிருந்த அந்தக் காலத்தில் அதற்கு நிஜமான ஓர்கெஸ்ட்ராவை உட்கார வைத்துப் பதிவு செய்தார்கள். 1999இல் இரண்டாம் உலகப் போரை வைத்து வந்த மெடல் ஒஃப் ஹொனர். இந்தக் கேம் இசையைக் கேட்டுவிட்டுத்தான் ஜே. ஜே. ஏப்ரம்ஸ் அவரைத் தன் தொலைக்காட்சித் தொடருக்குக் கூப்பிட்டார். 2001இல் ஏலியஸ், 2004இல் லொஸ்ட் என்று இரண்டு தொடர்கள், அதே 2004இல் பிக்சாரின் இன்கிரெடிபிள்ஸ் படம், 2009இல் அப், அந்தப் படத்துக்கு 2010இல் ஒஸ்கார். அப்போது அவருக்கு வயது 42.

அதாவது முதல் பெரிய கேம் கையில் வரும்போதே ஆள் முப்பதை நெருங்கிவிட்டார். அதுவரை சம்பளமும் வந்துகொண்டிருந்தது. மகனுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். படிப்பை விட்டால்தான் இசை வரும் என்று அவன் நினைத்திருந்தால் அது தேவையில்லாத அவசரம். பொறியியல் பீடத்துக்குப் போனால் இன்னும் நல்லதுதான், மொறட்டுவையிலும் மாலபேயிலும் கணினி படிக்கிற பிள்ளைகள் வருடா வருடம் செயல்திட்டமாகக் கேம் செய்கிறார்கள், அவர்களில் அநேகம் பேருக்கு இசை போட ஆள் கிடைப்பதில்லை. ஜியாக்கினோவுக்கு ஒரு ஏப்ரம்ஸ் கிடைத்த மாதிரி உங்கள் மகனுக்குக் கிடைக்கப்போகிறவன் அந்தப் பிள்ளைகளில் ஒருவனாகத்தான் இருப்பான். இந்தத் தொழிலில் மேலே போன யாரைப் பார்த்தாலும் இதுதான் கதை. பெரிய ஆளின் கதவைத் தட்டிக்கொண்டு நின்றவர்கள் குறைவு, தன் வயசு ஆட்களோடு சின்ன வேலைகளைச் செய்து, அந்த ஆட்கள் வளர வளரக் கூடவே வளர்ந்தவர்கள்தான் அதிகம்.

வருமானம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். கொழும்பில் இருந்துகொண்டு கேம் இசையில் மட்டும் குடும்பம் நடத்துகிற ஒருவரையும் எனக்குத் தெரியாது. விளம்பரம், டெலிநாடகம், கோயில் பக்திப் பாடல் இறுவட்டு, கல்யாண வீட்டுப் பாட்டுக் குழு, சனி ஞாயிறு வகுப்பு என்று எல்லாம் கலந்துதான் மாதம் ஓடும். நானும் அப்படித்தான். ஆனால் கேம் வேலையில் வெளிநாட்டு ஆட்களோடு வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், காசு டொலரில் வரும், அது சின்ன விஷயம் இல்லை.

கண்டிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு மணி வரைக்கும் முழித்திருப்பதைக் கண்டியுங்கள், பரீட்சை முடியும் வரைக்காவது. இசையைக் கண்டிக்காதீர்கள். ஜியாக்கினோ ஒஸ்கார் மேடையில் ஏறியபோது, ஒன்பது வயதில் அப்பாவின் பழைய எட்டு மில்லிமீற்றர் கமெராவைக் கேட்டு வாங்கிப் படம் எடுக்கத் தொடங்கியதையும், வீட்டில் ஒருவர்கூட, ஒரு நாள்கூட, நீ செய்வது நேர விரயம் என்று சொன்னதில்லை என்பதையும்தான் பேசினார். இணையத்தில் இருக்கிறது, இரண்டு பேரும் சேர்ந்தே பாருங்கள்.

கேள்வி: அண்ணா, படத்துக்கு மியூசிக் போடுவதற்கும் கேமுக்குப் போடுவதற்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? இரண்டும் பின்னணி இசைதானே?
(மாணவன், தெஹிவளை)

தம்பி, படம் என்றால் அது ஒரே மாதிரித்தான் ஓடும். கதாநாயகி கதவைத் திறப்பது 41ஆவது நிமிடம் 12ஆவது செக்கன் என்றால் எத்தனை முறை போட்டாலும் அதே செக்கன்தான். டைரக்டரும் இசையமைப்பாளரும் எடிட் முடிந்த பிரதியை வைத்துக்கொண்டு, இங்கே இசை தொடங்க வேண்டும், இந்த இடத்தில் நிற்க வேண்டும், இந்தச் சிரிப்புக்கு முன்னால் மௌனம் வேண்டும் என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு நாம் அந்த நேரக் கணக்குக்குள் இசையைத் தைக்க வேண்டும். இங்கே தொலைக்காட்சி என்றால் ஒரு செக்கனுக்கு 25 பிரேம், சினிமா 24. எடிட் முடிந்துவிட்டது என்று சத்தியம் செய்து கொடுத்த பிறகும் எங்கேயோ மூன்று செக்கன் வெட்டிவிட்டு, நமக்குச் சொல்லாமலே இருந்துவிடுவார்கள். அது தனிக் கதை.

கேமில் அந்தக் கதாநாயகி நீதான். நீ கதவைத் திறக்கலாம், திறக்காமலும் விடலாம், போனில் அம்மா கூப்பிட்டால் கன்ட்ரோலரை வைத்துவிட்டுப் போய் சாப்பிட்டுவிட்டும் வரலாம். அவ்வளவு நேரமும் இசை ஓடிக்கொண்டிருக்க வேண்டும், சலிக்கவும் கூடாது. நம் தெருவில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கிற சூன் பாண் ஓட்டோ வருகிறதே, அதுவும் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பத்தான் போடுகிறது. பேத்தோவன் எழுதிய அருமையான மெட்டு, ஆனால் எத்தனை பேர் அதைக் கேட்டதும் ஜன்னலைச் சாத்துகிறார்கள் என்று எண்ணிப் பார். மெட்டில் பிழை இல்லை. முடிகிற இடமும் தொடங்குகிற இடமும் ஒட்டாமல் வெட்டுப்பட்டு நிற்பதும், ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இம்மியும் வித்தியாசம் இல்லாததும்தான் பிழை.

இதைச் சரிசெய்வது எப்படி என்று ஒன்றை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன், வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு நிமிட இசை ஒன்றைச் செய். கடைசிச் சுரம் அடித்து ஓய்ந்த பிறகும் எதிரொலி இரண்டு மூன்று செக்கன் தொங்கும் இல்லையா, அந்த வாலை அப்படியே வெட்டிவிட்டுத் திரும்பத் தொடங்கினால் காதில் 'டக்' என்று விழும். அந்த வாலைத் தனியாக எடுத்து, இசையின் ஆரம்பத்தோடு மேலே ஒட்டிவிட வேண்டும், முதல் சுற்றில் மட்டும் அது இல்லாமல். அப்போது இரண்டாம் சுற்று தொடங்கும்போது முதல் சுற்றின் மிச்சம் இன்னும் காற்றில் இருக்கும், மூட்டு தெரியாது. இது சின்ன வேலைதான், ஆனால் இதைச் செய்யத் தெரிந்தவனா தெரியாதவனா என்று கேம்காரர்கள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அதற்கு அடுத்த படி, அடுக்குகளாக எழுதுவது. ஒரே தாள வேகத்தில், ஒரே சுருதியில், தந்திக் கருவிகள் தனி, தாளம் தனி, பித்தளை வாத்தியம் தனி என்று மூன்று நாலு தடம். வீரன் சும்மா நடந்தால் தந்தி மட்டும் கேட்கும், எதிரி பார்த்துவிட்டால் தாளம் ஏறும், சண்டை வந்தால் எல்லாம் ஒன்றாக ஒலிக்கும். எந்த நேரத்தில் எந்தத் தடத்தைச் சேர்த்தாலும் எடுத்தாலும் இசை முழுமையாகத்தான் ஒலிக்க வேண்டும், அதுதான் கஷ்டம். இது நேற்று வந்த விஷயமும் இல்லை. 1991இல் மங்கி ஐலண்ட் கேமின் இரண்டாம் பாகத்துக்காக லூக்காஸ் ஆர்ட்ஸ் நிறுவனத்தில் இருந்த இரண்டு இசையமைப்பாளர்கள், மைக்கல் லாண்டும் பீற்றர் மெக்கொனலும், ஆட்டக்காரன் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும்போது இசை தாளம் பிசகாமல் தானே மாறும்படி ஐமியூஸ் என்று ஒரு முறையையே உண்டாக்கினார்கள். இப்போது அந்த வேலைக்கு எஃப்மொட், வைஸ் என்ற இரண்டு மென்பொருள்கள்தான் பெரும்பாலும். கற்றுக்கொள்வதற்கு இலவசம். இசை தெரிந்த நூறு பேரில் இதுவும் தெரிந்தவன் நீ ஒருவனாக இருந்தால் வேலை உன்னிடம்தான் வரும்.

கேள்வி: நான் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளில் வயலின் ஐந்தாம் தரம் வரை சித்தியடைந்திருக்கிறேன். மேற்கத்தைய நொட்டேஷன் தெரியாது. கீபோர்டும் அரைகுறை. எனக்கெல்லாம் பின்னணி இசைத் துறையில் இடம் இருக்கிறதா?
(வாசகி, கொட்டாஞ்சேனை)

தங்கச்சி, உங்கள் கையில் இருப்பது என்ன என்று உங்களுக்கே தெரியவில்லை. இன்றைக்குக் கணினிக்குள் உலகத்து ஓர்கெஸ்ட்ரா முழுவதும் இருக்கிறது, வியன்னா வயலின் இருக்கிறது, லண்டன் செலோ இருக்கிறது. ஆனால் தோடி ராகத்தில் ஒரு காந்தாரத்தை அசைத்துக் காட்டச் சொல்லுங்கள் பார்க்கலாம். கீபோர்டில் அழுத்தி வருகிற சுரம் நின்ற இடத்தில் நிற்கும், கமகம் என்பது ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிற பாதையிலேயே இருக்கிறது. அதைக் கையால்தான் வாசிக்க முடியும். ஒரு நல்ல மைக்கும் அமைதியான அறையும் இருந்தால், நீங்கள் வாசித்த இருபது செக்கன் ஒரு முழுக் கணினி ஓர்கெஸ்ட்ராவையும் உயிருள்ளதாக்கிவிடும். பெரிய ஆட்களே இதைத்தான் செய்கிறார்கள். பெயார் மெக்ரீரி பற்றில்ஸ்டார் கலக்டிகா தொடருக்கு இசையமைத்தபோது விண்வெளிக் கதைக்கு ஆர்மீனியக் குழலான டுடுக்கையும் ஜப்பானிய டைக்கோ முரசையும் கொண்டுவந்தார். அதே ஆள்தான் பிறகு வோக்கிங் டெட் தொடருக்கும், 2018இல் கோட் ஒஃப் வோர் கேமுக்கும் இசை செய்தார்.

நொட்டேஷன் விஷயம். நீங்கள் தனியாகக் கணினியில் செய்யும் வரை அது தேவையில்லை. இன்னொருவர் முன்னால் தாளை வைத்து வாசிக்கச் சொல்லும் நாள் வந்தால் தேவை. ஹொலிவூட் இசையமைப்பாளர்கள் ஹான்ஸ் ஸிம்மரும் டானி எல்ஃப்மனும் முறையாகப் படித்து வந்தவர்கள் இல்லை, எல்ஃப்மன் ரொக் குழுவில் பாடிக்கொண்டிருந்தவர், அவருடைய இசையை ஓர்கெஸ்ட்ராவுக்கு எழுதி ஒழுங்குபடுத்தியதில் அதே குழுவில் கிற்றார் வாசித்த ஸ்டீவ் பார்டெக்குக்குப் பெரிய பங்கு. இதைச் சாக்காக வைத்துக்கொண்டு படிக்காமல் இருந்துவிடாதீர்கள். சுரம் எழுதத் தெரிந்த உங்களுக்கு, ஐந்து கோட்டில் எழுதுகிற ஸ்டாஃப் நொட்டேஷன் ஆறு மாத வேலை. கொழும்பில் மேற்கத்தைய இசைப் பரீட்சைகளுக்கு ஆயத்தம் செய்கிற ஆசிரியர்களுக்குக் குறைவில்லை. சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா கச்சேரி வைக்கும் நாளில் ஒருதரம் போய், வயலின் வரிசையை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். ஒரே சுரத்தை அத்தனை பேர் வில் மேலே போகும்போது சேர்ந்து மேலே, கீழே வரும்போது சேர்ந்து கீழே என்று வாசிப்பது தனி வயலின் பழகிய நமக்குப் புது அனுபவம்.

கேள்வி: இந்த நாட்டில் நம்மவர்கள் யாராவது இந்தத் தொழிலில் பெயர் எடுத்திருக்கிறார்களா? எப்பவும் வெள்ளைக்காரர் பெயர்தான் எழுதுகிறீர்கள்.
(வாசகர், வத்தளை)

குத்தலை ஏற்றுக்கொள்கிறேன். சிங்களச் சினிமாவின் ஆரம்ப காலத்துப் பாட்டுகளை எடுத்துப் பாருங்கள், ஆர். முத்துசாமி என்ற பெயர் வந்துகொண்டே இருக்கும், நாகர்கோயில் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே ஆகிப்போன வயலின்காரர். எம். கே. ரொக்சாமி சக்ஸபோன் வாசித்தவர், இசையும் அமைத்தார். இவர்களுக்கெல்லாம் வானொலிதான் பள்ளிக்கூடம் மாதிரி, 1925 டிசம்பரில் கொழும்பில் வானொலி தொடங்கியதிலிருந்து வாத்தியக்காரர்களுக்கு இங்கே ஒரு நிலையான இடம் இருந்தது. படம், மேடை, டெலிநாடகம் மூன்றிலும் ஒரே கை ஓங்கியிருந்தது என்றால் அது பிரேமசிறி கேமதாச. 2008இல் காலமானார். ஓபரா வரைக்கும் போனவர். பழைய டெலிநாடகம் எதையாவது பாட்டுக்காக இல்லாமல், வசனத்துக்கு இடையில் அவர் எங்கே இசையை நிறுத்துகிறார் என்பதற்காகப் பாருங்கள்.

கேள்வி: நண்பர்களின் குறும்படம் ஒன்றுக்கு இசையமைத்தேன். "காசு இல்லை மச்சான், பெயர் போடுறோம்" என்றார்கள். சரி என்று செய்தேன். இப்போது அதே இசையை ஒரு கடை விளம்பரத்தில் கேட்கிறேன். கேட்டால் "படம் எங்கட, மியூசிக்கும் எங்கட" என்கிறார்கள். யார் சொல்வது சரி?
(பெயர் வேண்டாம், பம்பலப்பிட்டி)

எழுத்தில் ஏதாவது கையெழுத்துப் போட்டீர்களா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அப்படியென்றால் அவர்கள் சொல்வது சரியில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி இசையை ஆக்கியவருக்குத்தான் பதிப்புரிமை. அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், இரு தரப்பும் கையெழுத்திட்டு இருக்க வேண்டும். காசு வாங்கினீர்களா இல்லையா என்பது வேறு விஷயம். இது தவிர, உங்கள் பெயரை உங்கள் இசைக்குப் போடச் சொல்லிக் கேட்கும் உரிமை தனியாக இருக்கிறது. நட்பு கெடாமல் முடிக்க வேண்டுமானால் முதலில் வட்சப்பில் மரியாதையாக ஒரு செய்தி, விளம்பரத்தில் எங்கே, எத்தனை நாள் போகிறது என்று கேட்டு. அதுவே பிறகு சாட்சியாகவும் நிற்கும். அதற்கும் மசியவில்லை என்றால் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள், நான் இசைக்காரன்.

மற்றவர்களுக்காகவும் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நம்மவர்கள் அடி வாங்குகிறார்கள். வெளிநாட்டுக் கேம் வேலை என்றால் இசை முழுவதையும் அவர்களே வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தம்தான் அநேகமாக வரும். தொலைக்காட்சித் தொடர் என்றால் திரும்பத் திரும்ப ஒளிபரப்பாகும்போது இசையமைப்பாளருக்கு உரிமைத்தொகை சேரும் வழி அங்கே இருக்கிறது. ஒரு பையன் தன் அறையில் கேம் விளையாடுவது பொது நிகழ்ச்சி இல்லை, அதற்கு யாரும் உங்களுக்குக் காசு கொடுக்கப்போவதில்லை. ஆகவே கேமில் கிடைப்பது முதலில் பேசுகிற தொகைதான், பிறகு வரும் என்று கனவு காணாதீர்கள். முடிந்த இசை ஒரு நிமிடத்துக்கு இவ்வளவு என்றுதான் அங்கே பேசுவார்கள். அந்தத் தொகைக்குள் வாத்தியக்காரர் கூலி, ஸ்டூடியோ வாடகை எல்லாம் அடக்கமா, புறம்பா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். அடக்கம் என்று தெரியாமல் ஒப்புக்கொண்டு, புல்லாங்குழல்காரருக்குச் சொந்தக் காசு கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். எத்தனை முறை திருத்தம் கேட்கலாம் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். இசையைத் தனி அல்பமாக நீங்கள் வெளியிடலாமா என்று கேட்டு வையுங்கள், சின்னக் கேம்காரர்கள் பெரும்பாலும் சரி என்பார்கள்.

கேள்வி: நான் டெலிநாடகங்களுக்கு இசையமைக்கிறேன். ஒவ்வொரு டைரக்டரும் ஏதோ ஒரு ஹொலிவூட் பட இசையைப் போட்டு எடிட் செய்துகொண்டு வந்து "இதே மாதிரி, ஆனால் இது இல்லாமல்" என்கிறார்கள். என்ன செய்வது?
(இசையமைப்பாளர், நுகேகொட)

வாருங்கள், நாம் ஒரு சங்கம் தொடங்கலாம். எடிட் மேசையில் இருக்கும்போது தற்காலிகமாக ஒரு இசையைப் போட்டுக்கொள்வது உலக வழக்கம். மூன்று வாரம் அதையே கேட்டுக் கேட்டு டைரக்டருக்கு அதன் மேல் காதல் வந்துவிடும், பிறகு நாம் எதைக் கொடுத்தாலும் அது மாற்றாந்தாய்ப் பிள்ளைதான். 1968இல் வந்த 2001: எ ஸ்பேஸ் ஒடிசி என்ற விண்வெளிப் படத்தை டைரக்டர் ஸ்டான்லி குப்ரிக் எடுத்தபோது அலெக்ஸ் நோர்த் என்ற பெரிய இசையமைப்பாளரிடம் இசை வாங்கிவிட்டு, கடைசியில் தான் தற்காலிகமாகப் போட்டு வைத்திருந்த செவ்வியல் இசையையே படத்தில் வைத்துவிட்டார். தன் இசை ஒரு சொட்டும் படத்தில் இல்லை என்பது நோர்த்துக்குப் படத்தைப் பார்க்கப் போன இடத்தில்தான் தெரிந்தது. அவருக்கே அப்படி.

நான் செய்வது இது. படப்பிடிப்புக்கு முன்னாலேயே திரைக்கதையை வாங்கி, இரண்டு மூன்று மெட்டை வெறும் பியானோவில் பதிந்து எடிட்டரிடம் கொடுத்துவிடுவேன். தற்காலிகமாகப் போடுவதாக இருந்தால் இதைப் போடு என்று. காதல் வரத்தான் போகிறது, அது நம் மெட்டின் மேலேயே வரட்டுமே. அதற்கு நேரம் இல்லாவிட்டால், டைரக்டர் போட்ட இசையைக் காட்டி "இதில் உங்களுக்கு என்ன பிடிக்கிறது" என்று கேளுங்கள். அநேகமாக "அந்தத் துடிப்பு", "அந்த வெறுமை" என்று ஏதாவது ஒன்றைத்தான் சொல்வார்கள், மெட்டைச் சொல்லவே மாட்டார்கள். துடிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை நீங்கள் செய்யலாம். மெட்டை நகலெடுக்க மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள், வழக்கு வந்தால் டைரக்டர் உங்கள் பெயரைத்தான் கைகாட்டுவார்.

கேள்வி: ஒரு படத்துக்கு இசையமைக்க எவ்வளவு நாள் கொடுப்பார்கள்?
(வாசகி, கொள்ளுப்பிட்டி)

போதாத அளவுக்கு. ஜியாக்கினோவுக்கே 2016இல் ஸ்டார் வோர்ஸ் வரிசையில் வந்த ரோக் வண் படத்துக்குக் கிடைத்தது நாலரை வாரம், முதலில் ஒப்புக்கொண்டிருந்த அலெக்சாந்தர் தெப்லா விலகியதால். இங்கே டெலிநாடகம் என்றால் இன்றைக்கு எபிசோட் கைக்கு வரும், நாளை மறுநாள் ஒளிபரப்பு. அதனால்தான் நாங்கள் முதலிலேயே சோகம், சந்தேகம், மாமியார் என்று இசைத் துண்டுகளைச் செய்து வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுகிறோம். லொஸ்ட் தொடரில் அத்தனை எபிசோடுக்கும் நிஜ வாத்தியக்காரர்களை வைத்துப் பதிவு செய்தார்கள், போதாததற்குக் கதையில் வரும் விமானத்தின் உடைந்த பாகங்களையே தட்டித் தாளமாக்கினார்கள் என்று படிக்கும்போது எங்களுக்கு வருகிற பெருமூச்சை அச்சில் போட முடியாது.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு ஒரு வரி எழுதினால் பாட்டே போட்டுத் தருகிறதே, இனி எதற்கு இசையமைப்பாளர்?
(மாணவி, கொழும்பு 13)

விலை குறைந்த பின்னணி இசை, கடை விளம்பரம், யூடியூப் வீடியோவுக்கு அடியில் ஓடுகிற இசை, இதிலெல்லாம் நமக்கு வந்த காசு குறையத்தான் செய்யும், அதைப் பூசி மெழுக முடியாது. ஆனால் "அந்த அம்மா அழுவதற்கு அரை செக்கன் முன்னால் நிறுத்து, இல்லை, கொஞ்சம் பிந்தி" என்று டைரக்டர் ஏழாவது தடவை சொல்லும்போது பொறுமையாகக் கேட்டுத் திருத்திக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக இருங்கள்.

கேள்வி: தொடங்குவதற்கு என்னென்ன வாங்க வேண்டும்? என்னிடம் சாதாரண லப்டொப் மட்டும் இருக்கிறது.
(வாசகர், வெள்ளவத்தை)

அது போதும். இசை பதிகிற ரீப்பர் என்ற மென்பொருளை அறுபது நாள் இலவசமாகப் பாவித்துப் பார்க்கலாம், பிறகு வாங்குவதும் மலிவு. கணினியில் செருகி வாசிக்கிற சின்ன மிடி கீபோர்ட், மைக்கைக் கணினியோடு இணைக்கிற ஓடியோ இன்டர்பேஸ், காதை மூடுகிற ஹெட்போன், இந்த மூன்றையும் யுனிட்டி பிளாசாவில் விசாரியுங்கள், பாவித்தது கிடைத்தால் இன்னும் நல்லது. கரண்ட் நம்பிக்கை இல்லாத ஊர், யுபிஎஸ் ஒன்று கட்டாயம். ஸ்பீக்கருக்கு இப்போது காசைக் கொட்டாதீர்கள், உங்கள் அறையின் எதிரொலியில் எந்த ஸ்பீக்கரும் பொய்தான் சொல்லும். மரைன் டிரைவ் பக்கம் வீடென்றால் கரையோர ரயில் நேர அட்டவணையை மேசையில் ஒட்டிக்கொண்டு, இரண்டு ரயிலுக்கு நடுவில்தான் மைக்கைத் திறக்க வேண்டும். அலுமாரியைத் திறந்து, தொங்குகிற உடுப்புகளுக்கு முன்னால் நின்று பாடினால் குரல் வடிவாகப் பதியும், சிரிக்காதீர்கள், பலர் செய்கிறார்கள்.

கேள்வி: எனது இசையைக் கேம் நிறுவனங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறேன், ஒருவரும் பதில் போடுவதில்லை. பத்து நிமிடத்தில் என் எல்லாத் திறமையும் தெரியும்படி ஒரு தொகுப்பு செய்து அனுப்பினேன்.
(வாசகர், மட்டக்குளி)

பத்து நிமிடம் யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு நிமிடம், அதில் மிகச் சிறந்ததை முதல் பத்து செக்கனுக்குள் வையுங்கள். கோப்பை இணைத்து அனுப்பாதீர்கள், திறந்ததும் ஒலிக்கிற ஒரு இணைப்பு போதும். திகில் கேம் செய்கிறவருக்குக் கல்யாணப் பாட்டை அனுப்பாதீர்கள், அவருடைய பழைய கேமை விளையாடிப் பார்த்துவிட்டு அதற்குப் பொருந்துகிற ஒன்றை அனுப்புங்கள். உண்மையில் இந்த மின்னஞ்சல் வழியை விட, 48 மணி நேரத்தில் முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து ஒரு கேமைச் செய்து முடிக்கும் போட்டிகள் இருக்கின்றன, அதில் சேருங்கள். ஜனவரியில் குளோபல் கேம் ஜாம், மற்ற மாதங்களில் இட்ச் என்ற கேம் இணையத்தளத்தில் ஏதாவது ஒன்று நடந்துகொண்டேயிருக்கும், வீட்டிலிருந்தே சேரலாம். குழுவில் எல்லோரும் புரோகிராமர்களாக இருப்பார்கள், இசைக்கு ஆள் தேடுவார்கள். முதல் கேம் மோசமாகத்தான் வரும். பரவாயில்லை, உங்கள் இசை ஓடுகிற ஒரு கேம் கையில் இருக்கும், அடுத்த மின்னஞ்சலில் அந்த இணைப்பைப் போட்டுவிடுங்கள்.